கோடு எங்கே விழுகிறது?

(கல்லூரி ஒன்றின் கணினி அறிவியல் துறை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு, ஐ.பி. முகவரி வகுப்புகளும் சப்நெட்டும். தலைப்பை அறிவித்தபோது மூன்றாமாண்டு மாணவர்கள் முகத்தைப் பார்த்தேன். அரியர் வைத்த பாடத்தின் பெயரைக் கல்யாண வீட்டில் கேட்டதுபோல் ஒரு வாட்டம். பயப்படாதீர்கள். இன்று நான் கேட்கப்போவது ஒரே ஒரு கேள்வி. கோடு எங்கே விழுகிறது? அவ்வளவுதான். இந்தப் பாடம் முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

முதலில் ஒரு விடுகதை. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரி அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஹால் டிக்கெட் அச்சடிக்க வேண்டும், பிரின்டர் வேலை செய்யவில்லை. போய்ப் பார்த்தேன். அலுவலக கம்ப்யூட்டர் ஒன்றில் இன்டர்நெட் ஜோராக ஓடுகிறது. கடல் தாண்டிய சர்வரெல்லாம் பதில் சொல்கிறது. ஆனால் பக்கத்து அறையில், சுவருக்கு அந்தப்புறம், பன்னிரண்டடி தூரத்தில் இருக்கும் பிரின்டர் மட்டும் பதில் சொல்லவில்லை. பிங் அடித்தால் ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’. அமெரிக்கா எட்டுகிறது, அடுத்த அறை எட்டவில்லை! எப்படி? கேபிள் நன்றாக இருக்கிறது. ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது. மற்ற அறைகளிலிருந்து அதே பிரின்டரில் அச்சு வருகிறது. அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் என்ன வந்தது? விடையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்திருக்கும் பெற்றோர்களுக்கு எஸ்.டி.டி. பூத் நினைவிருக்கும். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசிய பேச்சு. சென்னைக்கு என்ன ஊர் எண்? 044. மதுரைக்கு? 0452. காரைக்குடிக்கு? 04565. முன்னால் நிற்கும் பூஜ்யத்தைத் தள்ளிவிடுங்கள். சென்னைக்கு இரண்டு இலக்கம், அதற்கப்புறம் வீட்டு எண் எட்டு இலக்கம். மதுரைக்கு மூன்று, வீட்டு எண் ஏழு. காரைக்குடிக்கு நான்கு, வீட்டு எண் ஆறு. கூட்டிப் பாருங்கள். எந்த ஊரானாலும் பத்து.

பத்து இலக்கம் மாறவில்லை. மாறியது என்ன? ஊர் முடிந்து வீடு தொடங்கும் இடம். பெரிய ஊருக்குக் கோடு இடப்பக்கம் நகர்கிறது, நிறைய வீடு கொள்ளும். சின்ன ஊருக்குக் கோடு வலப்பக்கம் நகர்கிறது, கொஞ்சம் வீடு போதும். எக்ஸ்சேஞ்சுக்குக் கோடு எங்கே என்று யார் சொன்னது? எண்ணே சொல்கிறது. 44 என்று தொடங்கினால் ஊர் முடிந்தது. 452 என்று தொடங்கினால் இன்னும் ஓர் இலக்கம் சேர்த்துத்தான் ஊர். முதல் சில இலக்கங்களைப் பார்த்தாலே கோடு தெரிந்துவிடும்.

இது புரிந்தால் ஏ வகுப்பு, பி வகுப்பு, சி வகுப்பு மூன்றும் புரிந்துவிட்டன. அங்கே பத்து இலக்கம், இங்கே 32 பிட். அங்கே ஊர், இங்கே நெட்வொர்க். அங்கே வீடு, இங்கே கம்ப்யூட்டர்.

பிட் என்றதும் சிலருக்குத் தலை சுற்றும். சுற்ற வேண்டாம். நம் பாட்டிமார் பைனரியில் அரிசி அளந்தவர்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஒவ்வொன்றும் முன்னதைப்போல் இரட்டிப்பு. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு! பதின்மூன்று ஆழாக்கு அரிசி வேண்டும், ஒவ்வோர் அளவையையும் ஒருமுறைக்கு மேல் தொடக்கூடாது என்றால் என்ன செய்வாள் பாட்டி? படி ஒன்று, உரி ஒன்று, உழக்கு வேண்டாம், ஆழாக்கு ஒன்று. எழுதுங்கள்: ஒன்று, ஒன்று, பூஜ்யம், ஒன்று. 1101. அதுதான் பதின்மூன்றின் பைனரி. இதே வரிசையில் மேலே 16, 32, 64, 128 என்று இன்னும் நான்கு அளவைகளைச் சேர்த்தால் எட்டாகிறது. எட்டையும் ஒருமுறை அளந்தால் 255. ஐ.பி. முகவரியில் 255-க்கு மேல் எந்த எண்ணும் ஏன் வருவதில்லை என்பதற்கு இதுதான் காரணம். எட்டு எட்டாக நான்கு கூறு, நடுவில் புள்ளி. எட்டு நான்கு 32.

இந்த 32-ஐத் தேர்ந்தெடுத்தது யார்? இன்டர்நெட் நெறிமுறையை வடிவமைத்தவர்களில் ஒருவரான வின்ட் செர்ஃப். 1977-இல், ஒரு பரிசோதனைக்கு இவ்வளவு போதும் என்று முடிவெடுத்தார். 128 பிட் வேண்டும் என்று அப்போதே வாதாடியவர்கள் உண்டு. பரிசோதனை முடியவேயில்லை, அது இன்டர்நெட்டாகிவிட்டது என்று பின்னாளில் அவரே மேடைகளில் சொல்லிச் சிரித்தார். 32 பிட்டில் மொத்தம் 429 கோடி முகவரிகள். 1977-இல் அது கடல். இன்று உலகில் மனிதத் தலைகளே அதைப்போல் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு.

ஆரம்பத்தில் கோடு ஒரே இடத்தில் இருந்தது. 1980 ஜனவரியில் வந்த வரையறையில் முதல் எட்டு பிட் நெட்வொர்க், மிச்சம் 24 பிட் கம்ப்யூட்டர். அப்படியானால் உலகத்தில் எத்தனை நெட்வொர்க் இருக்க முடியும்? 256. அவ்வளவே! ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு, ஒரு ராணுவத் தளத்தில் மூன்று என்று கொடுத்துக்கொண்டே போனால் 256 எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஈதர்நெட் வந்துகொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு நெட்வொர்க் முளைக்கப்போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

அதனால் 1981 செப்டம்பரில், ஜான் போஸ்டல் பதிப்பித்த ஆர்.எஃப்.சி. 791 என்ற இன்டர்நெட் வரையறை ஆவணத்தில், கோட்டுக்கு மூன்று இடங்கள் கொடுத்தார்கள். முதல் பிட் 0 என்றால் ஏ வகுப்பு. கோடு எட்டு பிட்டுக்குப் பிறகு. ஒரு நெட்வொர்க்குக்குள் 1,67,77,214 கம்ப்யூட்டர். முதல் இரண்டு பிட் 10 என்றால் பி வகுப்பு. கோடு பதினாறுக்குப் பிறகு. உள்ளே 65,534. முதல் மூன்று பிட் 110 என்றால் சி வகுப்பு. கோடு 24-க்குப் பிறகு. உள்ளே வெறும் 254. நாம் படிக்கும் புள்ளி எண்ணில் சொன்னால், முதல் கூறு 1 முதல் 126 வரை ஏ, 128 முதல் 191 வரை பி, 192 முதல் 223 வரை சி. நடுவில் விடுபட்ட 127 ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன்னோடு தானே பேசிக்கொள்வதற்கு. 224 முதல் மேலே டி, ஈ என்று இரண்டு ஒதுக்கீடுகள் உண்டு, அவற்றை இன்று விட்டுவிடுவோம்.

1983 ஜனவரி 1. இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட் பழைய நெறிமுறையைக் கழற்றிப்போட்டு டி.சி.பி./ஐ.பி.க்கு மாறியது. பங்கீடு மும்முரமானது. பந்தி ஆரம்பத்தில் பரிமாறுபவர் கை தாராளமாகத்தானே இருக்கும்? எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்கு 18 என்று தொடங்கும் முகவரிகள் அத்தனையும். ஐ.பி.எம்.முக்கு 9. ஆப்பிளுக்கு 17. கார் கம்பெனி ஃபோர்டுக்கு 19. ஸ்டான்ஃபோர்டுக்கு 36. ஒவ்வொன்றிலும் ஒன்றே முக்கால் கோடிக்குச் சற்றுக் குறைவான முகவரி! எம்.ஐ.டி. 2017-இல் தன் கணக்கைத் திறந்து காட்டியது. சுமார் 1.6 கோடியில் 1.4 கோடி தொடப்படவே இல்லை, அதில் குறைந்தது 80 லட்சத்தை விற்றுவிடலாம் என்றது. ஸ்டான்ஃபோர்ட் 2000-ஆம் ஆண்டே தன் 36-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டது. இலையில் மிஞ்சியதை எடுத்து வைத்த புண்ணியவான்கள் அவர்கள்தான்.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். ஏ வகுப்பின் முதல் பிட் 0. அப்படியென்றால் மொத்த முகவரியில் சரிபாதி ஏ வகுப்புக்குப் போய்விட்டது. அந்தப் பாதியை ஆள்வது எத்தனை நெட்வொர்க்? 126. ஊர் நஞ்சையில் பாதி 126 பேருக்கு, மிச்சம் உலகத்துக்கெல்லாம்!

உண்மையான சிக்கல் ஏ வகுப்பில்கூட இல்லை நண்பர்களே, நடுவில் இருந்தது. ஒரு நிறுவனத்தில் 300 கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கு எந்த வகுப்பு கொடுப்பீர்கள்? சி வகுப்பு போதாது, 254-தான். சரி, பி வகுப்பு. 65,534-இல் 300 பயன்படும். மிச்சம் 65,234? தரிசு. குடிசை கட்டக் கேட்டவருக்கு ஒரு சென்ட் போதாது, அதனால் நூறு ஏக்கர் என்று எழுதிக்கொடுத்ததுபோல. பி வகுப்பு மொத்தமே 16,384. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அது தீர்ந்துபோகும் என்ற பயம் பிடித்துக்கொண்டது.

சரி, பி வகுப்பு வாங்கிய பல்கலைக்கழகம் நிம்மதியாக இருந்ததா? அதுவும் இல்லை. அதனுள்ளே இருபது கட்டடம், இருபது ஈதர்நெட். எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க்காகக் கட்டினால் ஓர் அறையில் போடும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி எண் கேட்டால் வழி சொல்லும் உலகத்து ரவுட்டர்கள் அத்தனையும் அந்த இருபதையும் மனப்பாடம் செய்ய வேண்டும். என்ன வழி?

கிராமத்திலிருந்து வந்தவர்கள் கை தூக்குங்கள். உங்களுக்கு இந்த வழி தெரியும். அப்பா பெயரில் ஒரு புல எண், 125 என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் நால்வர். என்ன செய்கிறோம்? 125/1, 125/2 என்று உட்பிரிவு. நடுவில் வரப்பு. அடுத்த ஊர்க்காரனுக்கு அது இன்றும் ஒரே நிலம்தான். வரப்பு எங்கே ஓடுகிறது என்பது உள்ளே இறங்கி நடப்பவனுக்குத் தெரிந்தால் போதும். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜெஃப் மோகல் 1984 அக்டோபரில் எழுதியதும், மறு ஆண்டு ஆகஸ்டில் போஸ்டலோடு சேர்ந்து ஆர்.எஃப்.சி. 950 ஆக்கியதும் இதைத்தான். சப்நெட் என்றால் உட்பிரிவு. வெளியுலகுக்கு ஒரே நெட்வொர்க். உள்ளே வரப்பு.

வரப்பு போட்டால் கொஞ்சம் நிலம் போகுமா, போகாதா? போகும். ஒவ்வோர் உட்பிரிவிலும் முதல் முகவரி அந்த உட்பிரிவின் பெயருக்கு. கடைசி முகவரி எல்லோரையும் ஒருசேரக் கூப்பிடுவதற்கு. இரண்டும் கம்ப்யூட்டருக்குக் கிடைக்காது. 256-ஐ நான்காக்கினால் ஒவ்வொன்றும் 64. பயன்படுவது 62. நான்கும் சேர்ந்து 248. பிரிக்காமல் இருந்தால் 254. ஆறு முகவரி வரப்புக்குப் போயிற்று.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். எஸ்.டி.டி. எண்ணில் கோடு எங்கே என்று எண்ணே சொன்னது. நாமாக வரப்பு போட்டபின் அது எப்படித் தெரியும்? முகவரியைப் பார்த்தால் தெரியாது. அதற்காகக் கூடவே இன்னொரு எண் வந்தது. சப்நெட் மாஸ்க். கொரோனா காலத்து மாஸ்க் முகத்தில் ஒரு பாதியை மறைத்தது அல்லவா? இந்த மாஸ்க்கும் அப்படித்தான். கோட்டுக்கு இடப்பக்கம் எல்லாம் ஒன்று, தெரியும். வலப்பக்கம் எல்லாம் பூஜ்யம், மறையும்.

கைக்காரியமாகச் செய்து பார்ப்போம். 192.168.10 என்று தொடங்கும் 256 முகவரி. நான்கு உட்பிரிவு வேண்டும். கடைசிக் கூற்றில் இடப்பக்கம் இரண்டு பிட்டை நெட்வொர்க்குக்கு எடுத்துக்கொள்கிறோம். அந்த இரண்டு அளவைகள் எவை? 128, 64. கூட்டினால் 192. ஆக மாஸ்க் 255.255.255.192. சுருக்கமாக /26. மொத்தம் 26 பிட் நெட்வொர்க்குக்கு.

இனி இரண்டு முகவரி எடுப்போம். கடைசி எண் 20, கடைசி எண் 70. இரண்டும் ஒரே உட்பிரிவா? 20-இல் என்ன இருக்கிறது? 16-ம் 4-ம். 128 இல்லை, 64 இல்லை. மாஸ்க் அந்த இரண்டை மட்டும்தான் பார்க்கும். விடை 0. அடுத்து 70. அதில் 64 இருக்கிறது, 4 இருக்கிறது, 2 இருக்கிறது. 128 இல்லை, ஆனால் 64 உண்டு! விடை 64. ஒன்று 0-ஆம் உட்பிரிவு, இன்னொன்று 64-ஆம் உட்பிரிவு. நடுவில் வரப்பு. இந்த 20-ஐயும் 70-ஐயும் மறந்துவிடாதீர்கள்.

மாணவர்கள் தேர்வில் தவறுவது எங்கே தெரியுமா? 64 முகவரி வேண்டும் என்றால் 50-இலிருந்து 113 வரை என்று எழுதுவார்கள். எண்ணிக்கை சரி, வரப்பு தப்பு. /26 என்றால் 0, 64, 128, 192, இந்த நான்கில்தான் தொடங்க முடியும். இன்னொன்று, பங்கு சமமாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. லேபுக்கு 100 கம்ப்யூட்டர், அலுவலகத்துக்கு 50, நூலகத்துக்கு 25, கேமராக்களுக்கு 20 என்றால்? லேபுக்கு /25, அது 128. அலுவலகத்துக்கு /26, அது 64. மற்ற இரண்டுக்கும் /27, தலைக்கு 32. கூட்டுங்கள். 256! ஒரு முகவரிகூட வெளியே நிற்கவில்லை. பெரிய பங்கை முதலில் வெட்ட வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். சின்னதிலிருந்து ஆரம்பித்தால் பெரியதற்கு இடம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

உள்ளே வரப்பு போட்டவர்களுக்கு ஒரு துணிச்சல் வந்தது. உள்ளே கோட்டை நகர்த்தலாம் என்றால் வெளியே மட்டும் ஏன் மூன்று இடம்? 1993 செப்டம்பர். சைடர் என்று நாம் சுருக்கிச் சொல்லும் முறை வந்தது. வின்ஸ் ஃபுல்லர், டோனி லீ, ஜெசிகா யூ, கண்ணன் வரதன் ஆகிய நால்வர் பெயரில் ஆர்.எஃப்.சி. 1519. நால்வரில் ஒருவர் கண்ணன் வரதன் என்பதை இந்த மேடையில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவர்கள் சொன்னது: வகுப்பே வேண்டாம். கோடு எங்கே வேண்டுமானாலும் விழலாம். 300 கம்ப்யூட்டரா? /23. 512 முகவரி. பி வகுப்பும் வேண்டாம், தரிசும் வேண்டாம். அதோடு, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எட்டு சி வகுப்புகளைச் சரியான எல்லையில் சேர்த்து /21 என்று ஒரே வரியில் ரவுட்டருக்குச் சொல்லலாம். உட்பிரிவு செய்யத் தெரிந்தவர்களுக்குக் கூட்டுப் பட்டாவும் தெரிந்துவிட்டது.

இங்கே எனக்கொரு மனக்குறை. வகுப்புகள் 1993-இல் ஒழிந்தன. இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களில் ஒருவர்கூட அன்று பிறந்திருக்கவில்லை. ஆனால் இன்றும் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்து 172.20.1.1 எந்த வகுப்பு என்று கேட்கிறார்கள். பி என்று சொன்னால் மதிப்பெண். மாஸ்க் என்ன, கோடு எங்கே என்று கேட்பதில்லை. என்னைக் கேட்டால் மாஸ்க் தெரியாமல் சொல்லும் எந்த விடையும் பாதி விடைதான். வகுப்பைப் படியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அணாவையும் பைசாவையும் படிப்பதுபோல் படியுங்கள். அதைக் கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

இந்தச் சிக்கனமெல்லாம் போதுமானதாக இருந்ததா? இல்லை. 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி முகவரிகளின் மத்தியக் கிடங்கு காலி. கடைசி ஐந்து பெரும் துண்டுகளை ஐந்து கண்டப் பதிவகங்களுக்குப் பங்கிட்டார்கள். நம் ஆசியப் பகுதிக்கு ஏப்ரல் 15-ஆம் தேதியே கட்டுப்பாடு வந்துவிட்டது. அப்படியென்றால் உங்கள் கைப்பேசி எப்படி ஓடுகிறது? வீட்டு வைஃபையில் முகவரியைப் பாருங்கள். பலருக்கு 192.168 என்று தொடங்கும். பக்கத்து வீட்டிலும் அதேதான். வீட்டுக்கு வீடு ஒரு ‘தம்பி’ இருப்பதுபோல. வீட்டுக்குள் தம்பி என்று கூப்பிட்டால் சரியான ஆள் வருவான். தெருவில் நின்று கூப்பிட்டால்? அதனால் வாசலில் நிற்கும் ரவுட்டர், வெளியே போகும்போது எல்லோருக்கும் ஒரே வெளிப்பெயரைக் கொடுத்து அனுப்புகிறது. 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று இந்த வீட்டுப்பெயர்களை ஒதுக்கியது 1996 பிப்ரவரியில். 128 பிட் கொண்ட ஐ.பி. ஆறாம் பதிப்பும் வந்துவிட்டது. அதில் வகுப்பே கிடையாது. கோடு மட்டும் இருக்கிறது.

இனி அந்தப் பிரின்டருக்கு வருவோம். யாராவது கண்டுபிடித்தீர்களா? இடப்பக்கம் ஒரு தங்கை தலையாட்டுகிறார். ஆம், அந்த கம்ப்யூட்டரின் கடைசி எண் 20. பிரின்டரின் கடைசி எண் 70. கல்லூரி முழுக்க /26. ஆனால் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும், யாரோ அவசரத்தில், மாஸ்க்கின் கடைசி எண்ணை 192 என்று போடாமல் பழக்கதோஷத்தில் 0 என்று போட்டுவிட்டார்கள். சி வகுப்புதானே, 255.255.255.0-தானே என்ற அதே பழைய மனப்பாடம்! மாஸ்க் 0 என்றால் 20-க்கும் விடை 0, 70-க்கும் விடை 0. அதன் கண்ணுக்கு வரப்பே இல்லை. பிரின்டர் தன் வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று நம்பி, வீட்டுக்குள்ளேயே நின்று ‘70 யாரப்பா?’ என்று கத்திக்கொண்டிருந்தது. 70 இருந்தது அடுத்த வீட்டில். அமெரிக்க சர்வர் வெளியூர் என்பது மட்டும் அதற்குத் தெளிவாகத் தெரியும், அதனால் அந்தக் கடிதத்தை ஒழுங்காக ரவுட்டர் கையில் கொடுத்தது.

கேபிளை மாற்றி, டிரைவரை மாற்றி, ஸ்விட்சை அணைத்துப் போட்டு, இதைக் கண்டுபிடிக்க எனக்கு மாலை ஆறு மணி ஆயிற்று. 0-வை அழித்து 192 என்று தட்டினேன். சுவருக்கு அந்தப்புறம் பிரின்டர் கரகரவென்று உயிர்பெற்றது. காலையிலிருந்து அலுவலக எழுத்தர் அம்மா எத்தனை முறை பிரின்ட் கொடுத்தாரோ அத்தனையும் வரிசையில் காத்திருந்தது. அதே நாற்பது ஹால் டிக்கெட், பதினொரு தடவை. பேப்பர் தீர்ந்துதான் நின்றது.